ஏர் ரைபிளுக்கு எந்தப் பெல்லட்? வடசென்னைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் வளர்ந்த யாருக்கும் ஏர்கன் முதலில் அறிமுகமாவது கடற்கரையிலோ கோவில் திருவிழாவிலோ போடுகிற பலூன் கடையில்தான். அந்த ஆசை விடாமல் வளர்ந்து, சொந்தமாக ஒரு ஏர் ரைபிள் வாங்கியதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இதுக்கு எந்தப் பெல்லட் போடுறது?" (பெல்லட் என்றால் ஏர்கன்னில் போடுகிற சின்ன ஈயக் குண்டு.) இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் வேட்டைக் குறிப்புகள். முயலுக்கு இந்த அளவு, புறாவுக்கு அந்த வடிவம், எலிக்கு இத்தனை வேகம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் தங்கள் வயல்வெளிக்கும் எழுதியவை அவை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு மணலியிலோ வியாசர்பாடியிலோ இருக்கிற ஒருவர் பெல்லட் வாங்கினால் காசும் வீண், வம்பும் வரும். நம் ஊரில், நம் சட்டத்துக்குள், அட்டையில் குறி பார்த்துச் சுடப் போகிறவருக்கு எது தேவை என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

பெல்லட் டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு சட்டங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அட்டவணையில் உள்ள எந்த விலங்கையும் பறவையையும் வேட்டையாடுவது குற்றம். 'வேட்டை' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. கொன்றால்தான் வேட்டை என்றில்லை. காயப்படுத்துவது, பிடிப்பது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாம் அதில் அடக்கம். சுட்டுக் குறி தவறினாலும் அது முயற்சி, அதுவும் வேட்டைதான். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு.

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் உள்ளானும் சேற்றில் இறங்கி மேய்வதை நாம் தினம் பார்க்கிறோம். 'சும்மா ஒரு ஷாட்' என்று அந்தப் பக்கம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போகும் பையன்களை எனக்குத் தெரியும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் பட்ட பறவை பல நேரம் அங்கேயே விழாது. பறந்து போய் எங்கோ புதருக்குள் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வதைக்கு நாம் காரணமாகக் கூடாது. மாடியில் அசிங்கம் செய்கிற புறா, தெருநாய், குரங்கு என்று யார் எந்தக் காரணம் சொன்னாலும் என் பதில் இதுதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. புறாவுக்கு வலை கட்டுங்கள்.

இரண்டாவது, ஆயுத விதிகள் 2016. குழல்வாய் ஆற்றல், அதாவது குழலை விட்டு வெளியேறும்போது பெல்லட்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அந்த ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டும். இரண்டும் இந்த வரம்புக்குள் இருந்தால் வேண்டாம். அப்போதும் கடையில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். துப்பாக்கிப் பையிலேயே அதன் நகல் ஒன்றை வைத்திருங்கள். ரோந்து போலீஸ் நிறுத்தினால் வாயால் விளக்குவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

கேலிபர்: உங்களுக்கு ஒன்றே ஒன்று

கேலிபர் என்பது குழலின் உள்விட்டம், அதை அங்குலத்தில் சொல்வது வழக்கம். ஏர் ரைபிள்களில் பரவலாகப் புழங்கும் அளவுகள் நான்கு: .177 (4.5 மி.மீ.), .20 (5 மி.மீ.), .22 (5.5 மி.மீ.), .25 (6.35 மி.மீ.). வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் .22, .25 என்று பேசுவதற்குக் காரணம் உண்டு. .177 பெல்லட் சுமார் 8 கிரெய்ன் இருக்கும், .22 பெல்லட் 14 முதல் 16 கிரெய்ன் வரை போகும். (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்.) எடையும் அகலமும் கூடியது பட்ட இடத்தில் அதிக அதிர்ச்சி தரும். அதே ஆற்றலில் மெதுவாகப் போவதால் வளைந்து கீழே இறங்கும், ஆகவே தூரத்தைத் துல்லியமாகக் கணிக்கத் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாத ஏர் ரைபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். அந்த வரம்புக்குள் .177ஆ .22ஆ என்று அவர்கள் காலங்காலமாக விவாதிக்கிறார்கள்.

நமக்கு அந்த விவாதமே தேவையில்லை. லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது 4.5 மட்டும்தான். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் அதே 4.5தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த அளவில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும் இந்த அளவில்தான். குறி பார்த்துச் சுடுவதற்கு இதைவிடப் பெரியது வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ஒரு .22 இருக்கு, பேப்பர் எல்லாம் வேணாம்' என்று கைமாற்றி விற்க வருபவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

ஆற்றலைக் கணக்குப் போடுங்கள்

இது பள்ளிக்கூடக் கணக்குதான். எடையைக் கிலோகிராமிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு, எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜூலில் விடை வரும். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10.6 ஜூல். போட்டி ரைபிள்கள் 170 மீட்டர் வேகத்தை ஒட்டியே சுடுகின்றன, அது 7.7 ஜூல்தான். அதே பெல்லட் 20 ஜூலைத் தொட விநாடிக்கு 275 மீட்டர் வேண்டும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் ஈயம் இல்லாத, மிக லேசான பெல்லட்டைப் போட்டு அளந்தது. அதே துப்பாக்கியில் சாதாரண ஈயப் பெல்லட் போட்டால் வேகம் நன்றாகவே இறங்கும், அது நல்லதும்கூட. ஒலியின் வேகத்தை (விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்) நெருங்கும்போது பெல்லட் நிலைகுலைந்து ஆட ஆரம்பிக்கிறது, குறி சிதறுகிறது. வேகம் விற்பனைக்கு உதவும், துல்லியத்துக்கு உதவாது.

வடிவம்: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்

ஒரு பெல்லட்டை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே குடைந்து விரிந்த பகுதி. அந்தப் பின்பகுதியைச் சுடுபவர்கள் ஸ்கர்ட் என்பார்கள். அழுத்தப்பட்ட காற்று வந்து மோதியதும் மெல்லிய ஸ்கர்ட் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, காற்று கசியாமல் அடைக்கும். குழலின் உள்ளே இருக்கும் புரிகள் அதைப் பிடித்துச் சுழற்றிவிடும். தலை புரியின் மேல் நடுவாக உட்கார்ந்து போகும். எடை முன்னால் இருப்பதாலும் பின்பகுதி காற்றை இழுத்துப் பிடிப்பதாலும் அது தலை முன்னாலேயே பறக்கும். இந்த வேலைப்பாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

தட்டைத் தலை: கடையில் ஃபிளாட் ஹெட், மேட்ச், வாட்கட்டர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் தருவார்கள். அட்டையில் பட்டதும் பஞ்சிங் மெஷின் அடித்ததுபோல வட்டமாக ஓட்டை விழும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டையே வராது. 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு, கறுப்பு வட்டம் முழுவதுமே 30.5 மில்லிமீட்டர்தான். அங்கே ஓட்டையின் ஓரம் தெளிவாகத் தெரிவதுதான் உயிர். ஆனால் தட்டைத் தலை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். இருபது, இருபத்தைந்து மீட்டர் தாண்டினால் அதன் துல்லியம் குறைய ஆரம்பிக்கும்.

உருண்டைத் தலை, அதாவது டோம்: காற்றைக் கிழித்துப் போவதில் இதுதான் சிறந்தது. 25, 30, 50 மீட்டரில் இரும்புத் தகட்டுக் குறிகளைச் சுடும் ஃபீல்ட் டார்கெட் ஆட்டக்காரர்கள் இதைத்தான் போடுகிறார்கள். வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் முதல் தேர்வும் இதுவே. அட்டையில் இது பொத்திக்கொண்டு போகும், காகிதம் கிழிந்து மீண்டும் மூடிக்கொள்ளும், ஓட்டையை அளப்பது சிரமம்.

கூர்த் தலையும் குழித் தலையும் (பாயின்டட், ஹாலோ பாயின்ட்) டப்பாவின் மேல் படத்தில் பயங்கரமாகத் தெரியும். குழித் தலை உடலுக்குள் விரியச் செய்தது, அட்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கூர்முனை தயாரிப்பிலேயே துல்லியமாக நடுவில் அமைவது கடினம், டப்பாவுக்குள் உரசி மழுங்கியும் போகும். புதியவர்கள் இந்த இரண்டையும் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

ஆகவே 10 மீட்டரில் அட்டை சுடுபவருக்குத் தட்டைத் தலை. நீண்ட ரேஞ்சில் (சுடுவதற்கென்றே அமைத்த பயிற்சி இடத்தில்) இடம் கிடைக்கிறவருக்கு உருண்டைத் தலை. இதற்கு மேல் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

பால்ரஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கிற பால்ரஸ் குண்டைப் புரி போட்ட குழலுக்குள் போடாதீர்கள். எஃகு, புரியைத் தேய்த்து நாசமாக்கிவிடும். சுவரில் பட்டால் ஈயம்போல் நசுங்காது, சுட்டவர் முகத்துக்கே திரும்பும்.

எடையும் தலை அளவும்

4.5 பெல்லட்டில் 7 முதல் 8.5 கிரெய்ன் வரை உள்ளவையே புதியவர்களுக்குப் போதும். டப்பாவில் கிராமில் போட்டிருந்தால் 0.45 முதல் 0.55 வரை. மேட்ச் பெல்லட்டில் ரைபிளுக்கு என்று 0.53 கிராமும், பிஸ்டலுக்கு என்று அதைவிட லேசானதும் வரும்.

குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள்தான் நம்மில் பலர் கையில் இருப்பது. அதற்கு எடை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மிக லேசான பெல்லட் சட்டென்று வெளியேறிவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தள்ளிவரும் பிஸ்டனுக்கு மெத்தையாக இருக்க வேண்டிய காற்று இருக்காது. அது முன்சுவரில் போய் மோதும். மிகக் கனமான பெல்லட் நகரத் தயங்கினால் பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். இரண்டுமே ஸ்பிரிங்குக்கும் சீலுக்கும் கேடு. பெல்லட் போடாமல் வெறுமனே சுடுவதும் அதே காரணத்தால் கூடாது. சிலிண்டரில் காற்று நிரப்பிச் சுடும் பி.சி.பி. ரைபிளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தலை அளவு 4.49, 4.50, 4.51, 4.52 என்று டப்பாவின் ஓரத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் என்ன வரப்போகிறது என்று தோன்றும். பெல்லட்டை விரலால் குழலில் அழுத்தும்போதே வித்தியாசம் தெரியும். ஒன்று தானாக உள்ளே நழுவும், இன்னொன்று நகத்தை வைத்து அழுத்த வேண்டியிருக்கும். லேசான பிடிப்போடு, சீராக உட்கார வேண்டும். ஒரே மாடல் ரைபிள் இரண்டில்கூட இது மாறும். நண்பனின் துப்பாக்கிக்கு ஒத்துப்போன டப்பா உங்களுக்கு ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

முதல் முறையே ஒரே ரகத்தில் நிறைய வாங்கிக் குவிக்காதீர்கள். எச் அண்ட் என், ஆர்.டபிள்யூ.எஸ்., ஜே.எஸ்.பி., காமோ போன்ற வெளிநாட்டு ரகங்களில் இரண்டு, உள்நாட்டு ரகங்களில் ஒன்றிரண்டு, ரகத்துக்கு ஒரு டப்பா. மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, டப்பாவை மெதுவாகச் சாய்த்து ஒரு கைப்பிடி கொட்டுங்கள். ஸ்கர்ட் நெளிந்தது, தலையில் வெட்டுப்பட்டது, உள்ளே ஈயத்தூள் ஒட்டியது எல்லாம் கண்ணுக்கே தெரியும். அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். மலிவு டப்பாக்களில் இது அதிகம் இருக்கும், நல்ல மேட்ச் டப்பாவில் அரிது. அதன் விலைக்குக் காரணமே இதுதான். தரையில் விழுந்த பெல்லட்டையும் மீண்டும் போடாதீர்கள். ஸ்கர்ட் மெல்லியது, ஒரு முறை விழுந்தாலே வட்டம் கெட்டுவிடும், ஒட்டிய மணல் குழலைக் கீறும்.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் சவுகார்பேட்டைப் பக்கம் கிடைக்கிற நகைக்கடை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி எடை பார்த்துப் பிரிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டினால் ஓரளவுக்கு உதவும், 0.001 காட்டுவது என்றால் மிக நல்லது. போட்டிக்குப் போகும்வரை இது கட்டாயம் இல்லை.

ராயபுரம், காசிமேடு, எண்ணூரில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை, உப்புக்காற்று. மூடியைச் சரியாகப் போடாத டப்பாவில் பெல்லட்டின் பளபளப்பு போய், வெள்ளையாக மாவு பூத்ததுபோல் ஆகிவிடும். அது ஈயம் ஈரக்காற்றோடு வினைபுரிந்து உண்டான கார்பனேட்டும் ஆக்சைடும். பெல்லட்டின் அளவும் கெடும், கையில் ஒட்டும், மூச்சிலும் போகும். அப்படிப் பூத்த டப்பாவைக் கழுவிச் சரிசெய்ய முயல வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். புது டப்பாவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் மழைக்காலமும் தாண்டும். பெல்லட்டின் மேல் எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். ஸ்பிரிங் ரைபிளில் வேண்டாம். அழுத்தத்தின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு படாரென்று வெடிக்கும், சீலும் போகும், வேகமும் கண்டபடி மாறும்.

உங்கள் குழலே முடிவு சொல்லட்டும்

இதுவரை சொன்னதெல்லாம் எதைச் சோதிக்கலாம் என்று குறுக்கிக்கொள்வதற்கு மட்டும்தான். எது சரி என்பதை அட்டைதான் காட்டும்.

மின்விசிறி இல்லாத, காற்றடிக்காத 10 மீட்டர் இடம் வேண்டும். மேசை மேல் மணல் நிரப்பிய சின்னப் பை வையுங்கள். ஸ்பிரிங் ரைபிளைப் பையின் மேல் நேராக வைக்காதீர்கள், கடினமான எதிலும் சாய்த்தால் அது குதித்துவிடும். பையின் மேல் உங்கள் உள்ளங்கை, உள்ளங்கையின் மேல் ரைபிளின் முன்கட்டை. இறுக்கிப் பிடிக்காமல் அது தன்போக்கில் உதைக்க விடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளங்கை அதே இடத்தில் இருக்க வேண்டும், இதில் அவசரப்படவே கூடாது.

முதல் ரகத்தில் பத்துப் பதினைந்து பெல்லட் சுட்டுத் தள்ளுங்கள், கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய ரகம் விட்டுப்போன ஈயப்படிவு மாறிக் குழல் புதிய பெல்லட்டுக்குப் பழக அவ்வளவு ஆகும். பிறகு ஐந்து ஐந்தாக நான்கு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ரகத்தின் பெயரையும் தலை அளவையும் எழுதிவிடுங்கள். எழுதாத அட்டை இரண்டு நாளில் குப்பை.

ஓட்டைகள் நடுப்புள்ளியில் விழவில்லை என்று கவலைப்படாதீர்கள். சைட்டை (குறி பார்க்கும் அமைப்பை) திருகி அதைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது கூட்டமாக விழுகிறதா என்பதை மட்டும். அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அதில் 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் குரூப் அளவு. நான்கு அட்டையின் சராசரியை எடுங்கள். ஒரே ஒரு அட்டையில் ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்துவிட்டது என்று குதிக்க வேண்டாம், அது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்துக்குள் நான்கு அட்டையும் அடங்கினால் புதியவருக்கு நல்ல தொடக்கம்.

அடுத்த ரகத்துக்கு மாறும்போது மீண்டும் அதே பத்துப் பதினைந்து, அதே நான்கு அட்டை. கை தளர்ந்த பிறகு சோதித்தால் பெல்லட்டைச் சோதிக்கவில்லை, உங்கள் களைப்பைத்தான் சோதிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு ரகம் போதும். விலை உயர்ந்த ரகத்தை உள்நாட்டு ரகம் சில குழல்களில் ஜெயித்துவிடும். அப்படி வந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு மிச்சக் காசில் அட்டை வாங்குங்கள்.

எங்கே சுடுவது

மொட்டை மாடி வேண்டாம். வடசென்னையில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் கை நீட்டும் தூரம்தான், துணி காயப்போட யாராவது எப்போதும் ஏறி வருவார்கள். பெல்லட் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். பாதுகாப்பான வழி ரேஞ்ச்தான். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் ரைபிள் கிளப் பக்கம். துப்பாக்கி பெல்லட் இல்லாமல், பூட்டிய பைக்குள் இருக்க வேண்டும். மெட்ரோவிலும் ரயிலிலும் கொண்டுபோக அனுமதி உண்டா என்று கிளப்பிலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரேஞ்சில் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார், உங்கள் அட்டையைப் பார்த்ததுமே, 'தம்பி, ட்ரிகரை இழுக்காத, அழுத்து' என்று சொல்லிவிடுவார். பல நேரம் பெல்லட்டின் தலையில் நாம் போடும் பழி அங்கேதான் தீரும்.

வீட்டுக்குள் நீளமான கூடமோ, சொந்தக் கிடங்கோ இருந்தால்: அட்டைக்குப் பின்னால் கீழ்நோக்கி 45 பாகை சாய்த்த கெட்டி இரும்புத் தகடு, அதைச் சுற்றி முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி, பெட்டிக்குள் பழந்துணி. நேராக நிறுத்திய தகடும் வெறும் சிமென்ட் சுவரும் ஈயத் துண்டுகளைத் திருப்பி அனுப்பும். கதவு திறந்து யாரும் குறுக்கே வராத மூலையாகப் பாருங்கள். எல்லோரும் கண்ணாடி போடுங்கள், பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தையும் சேர்த்து.

ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் பலரிடம் உண்டு, அதை அடியோடு நிறுத்துங்கள். சுட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ, வடை எதையும் தொடாதீர்கள். பெட்டிக்குள் சேரும் ஈயத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மூடிய டப்பாவில் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள்.

ரகம் முடிவானதும் அதே தலை அளவிலும், முடிந்தால் டப்பாவின் அடியில் இருக்கும் அதே பேட்ச் எண்ணிலும் மூன்று நான்கு டப்பா ஒன்றாக வாங்கி வையுங்கள். பேட்ச் மாறினால் குரூப்பும் மாறக்கூடும். பிறகு சைட்டை அந்தப் பெல்லட்டுக்கு ஏற்றாற்போல் திருகிச் சரிசெய்து, திருகை எத்தனை கிளிக் (ஒவ்வொரு 'டிக்' சத்தமும் ஒரு கிளிக்) வைத்தீர்கள் என்பதை டப்பாவின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.